குழந்தை யாரிடம்? வக்கீலைத் தேடும்முன்

விவாகரத்து வழக்குக்கு வருபவர்கள் முதலில் நீட்டுவது வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளைத்தான். குழந்தையின் பொறுப்பு யாருக்கு என்பதில் அவை பெரிதாக உதவாது. தடுப்பூசி அட்டை, பள்ளி டைரியில் வாரா வாரம் இருக்கும் கையெழுத்து, ஃபீஸ் ரசீது, காய்ச்சலுக்கு ஸ்டான்லி மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஓ.பி. சீட்டு ஆகியவைதான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது யார் என்று சொல்லும். இவற்றைக் கேட்காமல், எதிர்தரப்பை ஒரு கை பார்த்துவிடலாம் என்று பேசும் வக்கீல் வேண்டாம்.

ஐந்து வயதுக்குள் என்றால் அம்மாவுக்குத்தான் என்று அடித்துச் சொல்பவரையும் நம்பிவிடாதீர்கள். 1956 இந்து இளவர் காப்பாளர் சட்டம் 'சாதாரணமாக' அம்மாவிடம் என்றுதான் சொல்கிறது. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவில் குழந்தையின் நலனே முதன்மை. வட சென்னையில் ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1869 விவாகரத்துச் சட்டம் பொருந்தும். எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் மனு என்று கேளுங்கள்.

அவசரம் இருப்பது இங்கேதான். 1890 காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். தண்டையார்பேட்டையில் வளர்ந்த பிள்ளையை ஒருவர் வெளியூருக்குக் கொண்டுபோய் அங்கே பள்ளியில் சேர்த்துவிட்டால், நாளாக ஆக அந்தச் சேர்க்கையே உங்களுக்கு எதிராகப் பேசும். எனவே தீர்ப்பு வரும்வரை குழந்தை யாரிடம், மற்றவர் எப்போது பார்க்கலாம் என்ற இடைக்கால மனுவை எப்போது தாக்கல் செய்வார் என்பதுதான் வக்கீலிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முக்கிய வழக்கின் வாய்தாவுக்குக் காத்திருந்தால் மாதங்கள் ஓடிவிடும்.

சம்மதத்தோடு பிரிபவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். 'வாரம் ஒருமுறை பார்க்கலாம்' என்று ஒப்பந்தத்தில் எழுதினால் அடுத்த வாரமே சண்டை. ஞாயிறு காலை 10 முதல் மாலை 5 வரை, வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் ஒப்படைப்பது என்று எழுத வேண்டும். பள்ளி விடுமுறை, பொங்கல், கிறிஸ்துமஸ், பிறந்தநாள், வீடியோ கால் நேரம், பாஸ்போர்ட் யாரிடம் என்பதும் அதில் வர வேண்டும். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடவே கூடாது.

பணமில்லை என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவி எண் 15100க்கு அழைக்கலாம், உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நேரிலும் கேட்கலாம். விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறினால் உயர்நீதிமன்ற நிலையத்திலேயே இறங்கலாம்.

தனி வக்கீல் என்றால் மனுவுக்கு, இடைக்கால மனுவுக்கு, வாய்தாவுக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஜெயித்தால் இவ்வளவு என்ற பேரம் பார் கவுன்சில் விதிப்படி தவறு. ஒத்துவரவில்லையென்றால் வக்கீலை மாற்றலாம். ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க அவருக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000லேயே சொல்லிவிட்டது.