உயிலின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள்

தண்டையார்பேட்டையில் அரை கிரவுண்டு. கீழே இரண்டு கடை, மேலே வீடு. அப்பா எழுதிவைத்த உயிலை பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வந்திருந்தார் மூத்த மகள்.

"ரிஜிஸ்டர் பண்ணது சார். தம்பி கேஸ் போட்டாலும் நிக்காதுல்ல?"

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். "இந்த ரெண்டு சாட்சியும் யாரும்மா?"

தெரியவில்லை. 2006-ல் பத்திர எழுத்தரிடம் அன்றைக்கு உட்கார்ந்திருந்த யாரோ.

பதிவான உயிலை யாரும் அசைக்க முடியாது என்று ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை நம்புகிறார்கள். உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. முத்திரைத்தாளும் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவு செய்வது நல்லதுதான், நானும் செய்யச் சொல்வேன். ஆனால் சாட்சி இல்லாத குறையை அது ஈடுகட்டாது. 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சாட்சிகள் குறைந்தது இருவர். எழுதியவர் கையெழுத்துப் போட்டதை அவர்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது 'இது என் கையெழுத்துதான்' என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறி இதைச் சொல்லியாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68-ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 67. எண் மாறியது, தலைவலி மாறவில்லை.

அலைந்து திரிந்து ஒரு சாட்சியை எண்ணூரில் பிடித்தோம். இன்னொருவர் இறந்துவிட்டார். கூண்டில் நின்றவர், "கையெழுத்து என்னுதுதான். பெரியவர் போட்டதை நான் பாக்கல" என்றார். வேறு சாட்சியம் கொண்டு நிரூபிக்கச் சட்டம் வழிவிடுகிறது. ஆனால் அதற்கு எத்தனை வருடம் ஆகும்? சமரசத்தில் கீழ்க்கடை ஒன்று தம்பிக்குப் போனது. உயிலில் அவருக்கு அது இல்லை.

சாட்சிக்கு உங்களைவிட வயதில் சின்னவரை, தெருவில் நாலு பேருக்குத் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சொத்து கிடைக்கப்போகிறவரும் அவர் வீட்டாரும் வேண்டாம். உயிலில் என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சி படித்துப் பார்க்கத் தேவையில்லை, அதனால் விஷயம் வெளியே போகுமே என்ற பயமும் வேண்டாம். தள்ளாத வயதென்றால் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரே ஒரு சாட்சியாக வரட்டும். வீடு யாருக்கோ அவரே பெரியவரை ஆட்டோவில் ஏற்றிப் போய் எழுதி வாங்கினால், அந்தச் சந்தேகத்தை அவர்தான் தீர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 1958-லேயே வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொல்லிவிட்டது.

சாட்சியின் பெயருக்குக் கீழே முழு விலாசமும் எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணூர்க்காரரின் முகவரியாக உயிலில் இருந்தது 'சென்னை' மட்டும்தான்.