நிக்கல் கழுத்தும் ஒரு லட்சம் சதவீதமும்

இரண்டு நிக்கல் கம்பிகளின் முனைகள் ஒன்றையொன்று சில அணுக்கள் அகலத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன. காந்தப்புலத்தை மாற்றினால் அந்தக் கழுத்தின் மின்தடை எவ்வளவு மாறும்? பருமனான நிக்கலில் இது சுமார் 2 சதவீதம். 1850-களில் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, கண்டறிந்த விளைவு. நானோ கழுத்தில் அது 200 சதவீதத்துக்கும் மேல் என்று 1999-இல் மாட்ரிட்டைச் சேர்ந்த குழு ஒன்று அறிவித்தது, அதுவும் அறை வெப்பநிலையில், வெறும் 100 ஓர்ஸ்டெட் (காந்தப்புலத்தின் அலகு) புலத்தில். 2002-இல் அமெரிக்காவின் பஃபலோவிலிருந்து 3,000 சதவீதம் வந்தது. அடுத்த ஆண்டு 1,00,000.

இப்படி ஒரு விளைவை எதிர்பார்க்கக் காரணம் உண்டு. கழுத்தின் நீளம், எலக்ட்ரான் மோதாமல் ஓடும் தூரத்தைவிடக் குறைந்தால் ஓமின் விதி அங்கே செல்லாது. மின்னோட்டம் எண்ணக்கூடிய சில குவாண்டம் தடங்கள் வழியே போகும். எலக்ட்ரான் ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம், அதன் ஸ்பின் மேல், கீழ் என்று இருவகை. தடம் ஒன்று இரு ஸ்பின்களையும் முழுமையாக விட்டால் அதன் தடை 12.9 கிலோ ஓம், ஒரே ஸ்பின்னை மட்டும் விட்டால் 25.8 கிலோ ஓம். நிக்கல் காந்த உலோகம் என்பதால் இரு ஸ்பின்களுக்கும் வழி ஒரே மாதிரி இருக்காது. இடப்பக்க முனை ஒரு திசையிலும் வலப்பக்க முனை எதிர்த்திசையிலும் காந்தமாகியிருந்தால், திசை மாறும் டொமைன் சுவர் நடுவே உட்கார்ந்துகொள்ளும். பருமனான நிக்கலில் அந்தச் சுவர் 100 நானோமீட்டர் அளவுக்கு அகலமானது. கடந்து போகும் எலக்ட்ரானின் ஸ்பின் நிதானமாகத் திரும்பிவிடும், தடை தெரியாது. கழுத்து குறுகினால் சுவரும் கழுத்தின் நீளத்துக்கே ஒடுங்கும் என்று 1999-இல் இயற்பியலாளர் பாட்ரிக் புருனோ காட்டினார். ஒன்றிரண்டு நானோமீட்டருக்குள் ஸ்பின் திரும்ப நேரமேது? எலக்ட்ரான் பின்வாங்கும், தடை ஏறும்.

சரி, எவ்வளவு ஏறும்? இரு காந்த உலோகங்களுக்கு நடுவே மெல்லிய தடுப்பை எலக்ட்ரான் ஊடுருவிக் கடக்கும் சந்திகளுக்கான ஜூலியர் சூத்திரத்தை உத்தேசக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். நிக்கலின் ஸ்பின் முனைவாக்கம், அதாவது மின்னோட்டத்தில் ஒரு ஸ்பின் மற்றதைவிட எவ்வளவு மிகுதி என்ற அளவு, சுமார் 33 சதவீதம். அதைப் போட்டால் மாற்றம் 24 சதவீதம் வருகிறது. 3,000 வரவேண்டுமென்றால் முனைவாக்கம் 97 சதவீதம் வேண்டும். நிக்கலிடம் அது இல்லை.

அப்படியானால் அளவீட்டில் தெரிந்தது என்ன? பெரும்பாலும் கம்பி நகர்ந்ததுதான். காந்தமாகும் திசையில் நிக்கல் சுருங்கும், மீட்டருக்கு 34 மைக்ரோமீட்டர் வீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கழுத்தைத் தாங்கும் கம்பியில் 1 மில்லிமீட்டர் நீளம் எங்கும் ஒட்டாமல் நின்றால் சுருக்கம் 34 நானோமீட்டர். நிக்கல் அணுக்கள் நூற்றுக்கும் மேல் வரிசையாக நின்றால் வரும் நீளம் அது. ஓர் அணு விலகினாலே கழுத்து திறந்துவிடும். திறந்த பின்னும் எலக்ட்ரான்கள் இடைவெளியை ஊடுருவிக் கடக்கும், ஆனால் இடைவெளி 0.1 நானோமீட்டர் கூடினால் மின்னோட்டம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். இதோடு, புலத்தில் இரு முனைகளும் ஒன்றையொன்று இழுக்கும். காந்தச்சுருளின் சூடும் தன் பங்குக்கு வரும்: 1 டிகிரிக்கு 1 மில்லிமீட்டர் நிக்கல் 13 நானோமீட்டர் நீளும். 2004-இல் அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் ஆய்வாளர்கள் இத்தகைய போலிக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்து வெளியிட்டார்கள்.

சதவீதக் கணக்கும் கண்ணைக் கட்டும். மாற்றத்தைச் சிறிய தடையால் வகுப்பதுதான் வழக்கம். கழுத்து அறுந்தால் பெரிய தடைக்கு எல்லையே இல்லை, சதவீதத்துக்கும் இல்லை. சுவிட்சைத் திறந்து மூடிவிட்டு அதைக் காந்த விளைவு என்று சொல்வதைப் போன்றது இது.

அசையாத கழுத்து வேண்டுமென்றால் கம்பியைக் கைவிட்டு, சிலிக்கான் சில்லின்மேல் படியவைத்த மெல்லிய படலத்துக்கு வரவேண்டும். அடித்தளம் படலத்தைப் பிடித்துக்கொள்ளும். தொங்கும் நீளம் 100 நானோமீட்டர் என்றே வைத்தாலும் சுருக்கம் 0.0034 நானோமீட்டர்தான். கழுத்தை மெலியவைக்க 4.2 கெல்வினில் மின்னோட்டத்தாலேயே அணுக்களைத் தள்ளுவார்கள். இங்கே நிலையான மின்னோட்ட மூலத்தைப் போட்டால், கழுத்து மெலியும்போது தடை கூடி, சூடும் கூடி, ஃபியூஸ் போல ஒரே நொடியில் எரிந்துவிடும். மின்னழுத்த மூலமே வேண்டும், இணைப்புக் கம்பிகளின் தடையும் குறைவாக இருக்கவேண்டும். தடை சில சதவீதம் ஏறியதும் அழுத்தத்தை இறக்கி, மறுபடி மெல்ல ஏற்றவேண்டும். அவசரப்பட்டால் சில்லு போச்சு. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெர்மலாய் (நிக்கல்-இரும்புக் கலவை) கழுத்துகளை இப்படிச் செய்து 2006-இல் வெளியிட்டபோது, மாற்றம் ஆயிரக்கணக்கான சதவீதத்தின் பக்கமே வரவில்லை.

டொமைன் சுவரின் கைவரிசையா என்று பார்க்க, இரு முனைகளுக்கும் வேறுவேறு வடிவம் கொடுப்பார்கள். அப்போது அவற்றின் காந்தத் திசை வேறுவேறு புலத்தில் புரளும். அந்த இரண்டு புலங்களுக்கு நடுவே மட்டும் தடை சட்டென ஏறி இறங்கினால் நம்பலாம். புலத்தை நன்றாகக் கூட்டி இரு முனைகளையும் ஒரே திசையில் நிறுத்திய பிறகும், புலத்தின் கோணத்தைச் சுழற்றச் சுழற்ற தடை மாறினால் அது சுவரின் வேலை அல்ல. அங்கே சுவரே இல்லை.

கோணத்தோடு படிப்படியாகத் தாவும் மின்கடத்தல் உண்டென்று 2005-இல் கோட்பாடு சொன்னது. 2007-இல் கோபால்ட் கழுத்துகளில் அப்படிப்பட்ட தாவல்கள் பதிவாயின. ஒரே ஓர் அணு இரண்டு இருக்கைகளுக்கு நடுவே மாறி மாறி உட்கார்ந்தாலும் அதே உயரத் தாவல் வரும் என்று உடனே மறுப்பும் வந்தது. இதைப் பிரித்தறிய, தாவல் நிகழும் கோணத்தில் புலத்தை அசையாமல் நிறுத்தி நேரத்தோடு தடையைப் பதிவு செய்து பார்க்கவேண்டும். கோடு தானாகவே இரு மட்டங்களுக்கிடையே தந்தி அடிப்பதுபோல் ஏறி இறங்கினால், ஆடுவது அணு.