கோவிட் காலத்துச் சிகிச்சைப் பிழை: கேட்க வேண்டிய ஆவணங்களும் காலக்கெடுவும்

"கோவிட் நேரத்தில் நடந்தது, இனி யாரைப் போய்க் கேட்பது?" என்று மலேசியாவில் பல குடும்பங்கள் சிகிச்சைப் பிழைக்கு இழப்பீடு கேட்காமல் இருந்துவிடுகின்றன. கேட்கலாம். மருத்துவமனையில் கட்டில் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மருத்துவரைக் குறை சொல்ல முடியாது. அன்றைய சூழலில் அதே துறையில் தேர்ந்த ஒருவர் என்ன செய்திருப்பார் என்பதே கேள்வி. நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் இந்த அளவுகோல்தான் என்று 2017இல் ஜுல்ஹஸ்னிமார் வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது.

கோலாலம்பூர், சிலாங்கூர் பக்கம் தொற்றுக் காலத்தில் எளிதில் தவறிப்போவது டிங்கி. காய்ச்சலும் உடம்பு வலியும் இரண்டுக்கும் பொது. கோவிட் சோதனை நெகட்டிவ், பனடோல் போதும் என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் இறங்கும்போதுதான், 3 முதல் 7ஆம் நாளுக்குள், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பது பெரும் பிழை. ஹீமடோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்களின் விகிதம், ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டுபோதல் இருந்தும் ரத்தம் எடுக்காமல் அனுப்பியிருந்தால், தொற்று நெருக்கடி அதற்கு நல்ல பதிலாகாது என்பது என் கருத்து.

பலர் சறுக்குவது வழக்குத் தொடுக்கும் காலக்கெடுவில்தான். அரசு மருத்துவமனை என்றால் 1948ஆம் ஆண்டு பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம். 2021இல் நடந்தவற்றுக்கு அந்தக் கெடு முடிந்துவிட்டது. தனியார் மருத்துவமனைக்குத் தீபகற்பத்தில் பொதுவாக 6 ஆண்டு. ஆனால் நோயாளி இறந்து, அவரை நம்பியிருந்த கணவனோ மனைவியோ பெற்றோரோ பிள்ளைகளோ இழப்பீடு கேட்டால், இறந்த நாளிலிருந்து 3 ஆண்டுதான். உடன்பிறப்புகளுக்கு இந்த உரிமை இல்லை. மலேசிய மருத்துவ மன்றத்தில் கொடுத்த புகார் இந்தக் கெடுவை நிறுத்தாது. மன்றம் மருத்துவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்குமே தவிர, இழப்பீடு தராது.

ஆவணம் கேட்கும்போது மருத்துவ அறிக்கையோடு நிற்காதீர்கள். அது சுருக்கம் மட்டுமே. தாதியர் குறிப்பு, மருந்து அட்டை, ஆக்ஸிஜன் அளவு எழுதிய அட்டவணை, நேரத்தோடு கூடிய ரத்தப் பரிசோதனை முடிவுகள், வேறு மருத்துவமனைக்கு மாற்றிய கடிதம் ஆகியவற்றின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். இரவு 2 மணிக்கு ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 விழுக்காடு என்று ஆபத்தான அளவு எழுதியிருந்து, அடுத்த பதிவு காலை 7 மணிக்கு இருந்தால், அந்த 5 மணி நேரம்தான் வழக்கின் மையம். அதே துறையைச் சேர்ந்த, அந்த மருத்துவமனையோடு தொடர்பில்லாத நிபுணர் ஒருவர் இவற்றைப் படித்துக் கருத்து எழுதித் தர வேண்டும். அதற்கே பல மாதங்கள் பிடிக்கும். ஆகவே கெடுவுக்கு ஓராண்டு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.