லெமினேட் பண்ண வேண்டாம் தம்பி: புது உதைபந்தாட்டக் கார்ட்களைப் பற்றி ஓர் அச்சகக்காரனின் சொல்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் சின்னதாக ஓர் அச்சகம் நடத்துகிறேன். கல்யாணக் கார்ட், திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், மரண அறிவித்தல், இவைதான் அன்றாட வேலை. கொஞ்ச நாளாகப் பள்ளிக்கூடம் விட்டதும் வேறொரு கூட்டம் வருகிறது. சட்டைப் பையிலிருந்து உதைபந்தாட்ட வீரர் படம் போட்ட கார்ட்டை எடுத்து நீட்டி, "அண்ணே, இத லெமினேட் பண்ணித் தாங்க" என்பார்கள். 2026 உலகக் கிண்ண ஆண்டு, அதிலும் முதல் தடவையாக 48 அணிகள். கார்ட்கள் குவிவதில் ஆச்சரியமில்லை.

நான் லெமினேட் பண்ணிக் கொடுப்பதில்லை. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, உரித்தால் மையும் சேர்ந்து வரும். அப்படி ஒட்டிய கார்ட்டைச் சேகரிப்பவர் யாரும் நல்ல விலைக்கு வாங்க மாட்டார். பாதுகாப்பதாக நினைத்துப் பிள்ளைகள் செய்வது, இருக்கிற கொஞ்ச மதிப்பையும் ஒரு நிமிஷத்தில் அழித்துவிடுகிறது.

இதை எழுத வைத்தது வேறொரு சம்பவம். தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். ரொனால்டோ கையெழுத்திட்ட கார்ட் என்று பேஸ்புக்கில் ஒருவரிடம் 7,500 ரூபாவுக்கு வாங்கியிருக்கிறார்கள். தீபாவளி அட்வான்ஸில் ஒதுக்கிய காசு. கொழும்பில் விற்றால் லட்சம் கிடைக்கும் என்று பையனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உண்மையான கார்ட்தானா பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றார் அந்த அம்மா.

அச்சுப் பிழை பார்க்க நாங்கள் வைத்திருக்கும், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற சின்னக் கண்ணாடியைக் கையெழுத்தின் மேல் வைத்தேன். பேனா மை என்றால் கோடு தொடர்ச்சியாக ஓடும், காகிதத்தின் மேல் மை படிந்து நிற்பதும் தெரியும். இதில் கையெழுத்து முழுவதும் நீலமும் சிவப்பும் மஞ்சளும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாக உடைந்து கிடந்தது. அச்சடித்த கையெழுத்து. பையனையே லூப் வழியாகப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. 2024இல் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபா. அந்தக் கணக்கில் அவர்கள் கொடுத்த காசு ஐந்தரை நாள் கொழுந்து பறித்த கூலி.

கம்பனிகளே கையெழுத்தை அச்சடித்து வெளியிடும் கார்ட்களும் இருக்கின்றன. அவை போலி அல்ல. ஆனால் அவற்றைக் கையால் போட்ட கையெழுத்து என்று சொல்லி விற்பது மோசடி. வீரர் உண்மையாகக் கையெழுத்திட்ட கார்ட் என்றால், அதைக் கம்பனி உறுதிப்படுத்தும் வாசகம் பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்புகிறவரிடம் பின்பக்கத்தையும் கேளுங்கள்.

போலியைக் கண்டுபிடிப்பதற்கு எனக்குக் கைகொடுப்பது சின்ன எழுத்துகள்தான். நல்ல ஓப்செட் அச்சில் படம் நான்கு நிறப் புள்ளிகளால் ஆனது, லூப்பில் பார்த்தால் சின்னச் சின்னப் பூ மாதிரி ஒழுங்காக இருக்கும். கறுப்பு எழுத்தோ தனிக் கறுப்பு மையில், விளிம்பு கூர்மையாக விழுந்திருக்கும். அசல் கார்ட்டை ஸ்கேன் பண்ணி மறுபடி அடித்தால் எழுத்தும் படத்தோடு சேர்ந்து புள்ளியாகிவிடும், விளிம்பு பிசிறும். சில இடங்களில் துணி மடிப்பு போல அலை தெரியும், பழைய புள்ளியும் புதுப் புள்ளியும் மோதுவதால் வருவது அது. பிறகு போன் டோர்ச்சைக் கார்ட்டுக்குப் பின்னால் பிடியுங்கள். அதே வெளியீட்டில் வந்த சாதாரணக் கார்ட் ஒன்றையும் பக்கத்தில் வைத்து, ஒளி ஊடுருவுவதையும் தடிப்பையும் ஒப்பிடுங்கள். தனியாக ஒரு கார்ட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது எனக்கே கஷ்டம். வளைத்துப் பார்ப்பது மட்டும் வேண்டாம், அசலாக இருந்தால் நீங்களே கெடுத்தவராவீர்கள்.

கம்பனிப் பெயரும் உதவும். இங்கிலாந்து ப்ரிமியர் லீக் கார்ட்களின் உரிமை 2019-20 சீசனிலிருந்து இத்தாலியின் பனினியிடம் இருந்தது. 2025-26இலிருந்து அமெரிக்காவின் டொப்ஸுக்குப் போய்விட்டது. 2025-26 ப்ரிமியர் லீக் என்று போட்டுப் பனினி பெயரில் ஒன்று வந்தால் சந்தேகப்படுங்கள்.

சரி, கார்ட் அசல்தான் என்று வைத்துக்கொள்வோம். பக்கட்டைப் பிரித்த கையோடு அது குறையில்லாததாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நூற்றுக்கணக்கான தாள்களை அடுக்கிக் கத்தி இறக்கும்போது அடுக்கு கொஞ்சம் நகர்ந்தாலும் வெட்டு விலகும் என்பது என் கை அறிந்த விஷயம். வழக்கமான கார்ட் இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அதில் அரை மில்லிமீற்றர் விலகலும் கண்ணில் படும். ஸ்கேல் வைத்து ஓரங்களை அளந்து பாருங்கள். இடப்பக்கம் 2 மில்லிமீற்றர், வலப்பக்கம் 3 மில்லிமீற்றர் என்றால் அது 40க்கு 60. கார்ட்களுக்குத் தரப்புள்ளி போடும் பிஎஸ்ஏ போன்ற நிறுவனங்கள் ஒன்று முதல் பத்து வரை கொடுக்கின்றன. பத்து கிடைக்க முன்பக்கம் ஏறக்குறைய 55க்கு 45க்குள் நடுவில் அமைந்திருக்க வேண்டும். அதோடு மூலை, விளிம்பு, மேற்பரப்பு எல்லாம் பார்ப்பார்கள். மினுமினுக்கும் குரோம் வகையில் மெல்லிய அச்சுக் கோடுகள் ஓடுவது சாதாரணம், வெயிலில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும்.

விலைக்கு வருவோம். பிள்ளைகள் மினுமினுப்பைப் பார்த்து மதிப்புப் போடுகிறார்கள். சந்தை முதலில் கேட்பது எத்தனை அடித்தார்கள் என்று. எண்ணிட்ட கார்ட்டில் 07/25 என்றிருந்தால் இருபத்தைந்தில் ஏழாவது, அவ்வளவுதான் உலகத்தில் உண்டு. எண் இல்லாத சாதாரணக் கார்ட் எத்தனை அடித்தார்கள் என்பதைக் கம்பனி பெரும்பாலும் சொல்வதில்லை. அப்புறம்தான் வீரர் யார், அது அவருடைய முதல் ஆண்டுக் கார்ட்டா, நிலை எப்படி என்பதெல்லாம். டொப்ஸின் மெட்ச் அட்டெக்ஸ், பனினியின் அட்ரினலின் இரண்டும் பிள்ளைகள் விளையாடுவதற்கென்றே பெரும் தொகையில் அடிக்கப்படுபவை. விளையாடட்டும், கூட்டாளிகளோடு மாற்றிக்கொள்ளட்டும், எனக்கும் சந்தோஷம். அதை எதிர்காலச் சேமிப்பு என்று சொல்லிப் பிள்ளையிடம் விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கார்ட் பெரும் விலைக்குப் போகும் என்பதற்கு மெஸ்ஸியின் 2004-05 பனினி மெகா கிராக்ஸ் கார்ட்டை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அது வந்த காலத்தில் அவருக்கு 17 வயது. ஸ்பெயின் பிள்ளைகள் அதைக் கையில் வைத்து விளையாடி மூலை மழுங்க வைத்தார்கள். குறையில்லாமல் தப்பியது கொஞ்சம் என்பதால்தான் அந்த விலை. இன்று பக்கட் பிரித்த அடுத்த நொடியே எல்லோரும் உறையில் போடுகிறார்கள். எல்லோரிடமும் புத்தம் புதிதாக இருக்கப் போகிற ஒரு பொருளுக்கு இருபது வருஷம் கழித்து யார் அள்ளிக் கொடுப்பார்கள்? அமெரிக்காவில் எண்பதுகளின் கடைசியில் வந்த பேஸ்போல் கார்ட்களுக்கு இதுதான் நடந்தது. அளவுக்கு மிஞ்சி அடித்தார்கள், வாங்கியவர்களும் பத்திரமாக வைத்தார்கள், பெரும்பாலானவை இன்று சில்லறைக் காசு. கொரோனாக் காலத்திலும் விலை ஏறியது. வந்து குவிந்த கார்ட்களைச் சமாளிக்க முடியாமல் 2021இல் பிஎஸ்ஏ பெரும்பாலான சேவைகளில் புதிதாக எடுப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. அப்போது உச்ச விலையில் வாங்கிய பலர் நட்டப்பட்டார்கள்.

புது வெளியீட்டின் முதல் வாரங்களில் பக்கட் பிரித்தவர்கள் குறைவு, சந்தையில் கார்ட்டும் குறைவு, ஆகவே விலை உயரும். மாதம் போகப் போக பெரும்பாலும் இறங்கும். ஆசைப்பட்டது ஒரேயொரு வீரர் என்றால் பக்கட் பக்கட்டாகப் பிரிக்காமல் பொறுத்திருந்து அந்த ஒரு கார்ட்டை வாங்குவது மலிவு. ஒன்லைனில் விலை பார்க்கும்போது கேட்கிற விலையை விடுங்கள், விற்றுமுடிந்த விலையைத் தேடுங்கள். லட்சம் என்று யாரும் போட்டு வைக்கலாம்.

எங்கள் ஊர்க் குளிருக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஜூன், ஜூலை மழையில் என் கடையிலேயே கட்டுப் பிரித்த காகிதம் ஒரே இரவில் வளைந்துவிடும். குரோம் கார்ட்டின் பளபளக்கும் பக்கம் ஈரம் உறிஞ்சாது, மட்டைப் பக்கம் உறிஞ்சும், அதனால் வில் மாதிரி வளைகிறது. அதை நிமிர்த்த அயன் பண்ணிக்கொண்டு வந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். மெல்லிய உறை, அதற்கு மேல் கெட்டிப் பிளாஸ்டிக், பிறகு இறுக்கமாக மூடும் பிஸ்கட் டின், உள்ளே புதுச் சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றிரண்டு. ரப்பர் பட்டி போடாதீர்கள். லயத்து வீட்டில் அடுப்புப் புகை படும் சுவர்ப்பக்கம் வைக்காதீர்கள்.

அந்த அம்மாவின் காசு திரும்பவில்லை, விற்றவர் கணக்கையே மூடிவிட்டார். அதிலிருந்து லூப்பைக் கயிற்றில் கட்டிக் கடை மேசையிலேயே வைத்திருக்கிறேன். யாரும் வந்து பார்க்கலாம், காசு இல்லை. ஆனால் காசு கொடுப்பதற்கு முன்னால் வாருங்கள். ஒன்லைனில் வாங்குவதென்றால், வெயிலில் கார்ட்டைச் சாய்த்து முன்னும் பின்னும் காட்டும் வீடியோ ஒன்றை விற்பவரிடம் கேளுங்கள். சாக்குச் சொன்னால் வாங்காதீர்கள்.