அஃபேசியா: பேச்சிழப்பா, மொழியிழப்பா?

பக்கவாதம் வந்தவரை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு டிஸ்சார்ஜ் தாள் கொடுப்பார்கள். வலது கை, வலது கால் பற்றிய விவரங்களுக்குப் பக்கத்தில் பல நேரம் ‘அஃபேசியா’ என்ற சொல்லும் அதில் இருக்கும். டாக்டர் அதை “பேச்சு போயிருக்கு, ஸ்பீச் தெரபி கொடுக்கணும்” என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார். வீட்டார் உடனே ஒரு நோட்டையும் பேனாவையும் நோயாளியின் கையில் கொடுத்து, “சொல்ல வரலைன்னா பரவாயில்ல, எழுதிக் காட்டுங்க” என்பார்கள். வாழ்நாள் முழுக்கக் கடைக் கணக்கு எழுதியவராக இருப்பார். இடது கையில் பேனாவைப் பிடித்து ஒரு கோடு இழுத்துவிட்டு நிறுத்திவிடுவார். பழகாத கை என்பது ஒரு காரணம்தான். எழுத வேண்டிய சொல்லே அவருக்கு அகப்படவில்லை.

அஃபேசியா என்பது மூளையில் ஏற்பட்ட சேதத்தால் மொழியைக் கையாளும் திறன் குறைந்துபோவது. பேசுவது, பிறர் பேச்சைப் புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது எல்லாமே கூடக்குறைய அடிவாங்கும். நாக்கும் உதடும் நன்றாகவே இருக்கலாம். எதிரில் நிற்பது எந்தப் பேரன், எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நமக்கு எப்போதாவது ஒரு பெயர் ‘வாய் வரைக்கும் வருது, வெளிய வரமாட்டேங்குது’ என்று ஆகுமே, அது அவருக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் நடக்கிறது. பெரும்பாலும் காரணம் பக்கவாதம். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது தலைகாட்டும். தலைக்காயம், மூளைக் கட்டி, மூளைத் தொற்று ஆகியவற்றாலும் வரலாம். நம்மில் மிகப் பெரும்பாலோருக்கு மொழி இடப்பக்க மூளையின் பொறுப்பு. உடம்பின் வலப்பக்கத்தை இயக்குவதும் அதே பக்கம்தான். வலது கை, கால் விழுந்தவர்களிடம் இதை அதிகம் பார்ப்பது அதனால்தான்.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. ‘அ’ என்றால் இல்லாமை, ‘ஃபாசிஸ்’ என்றால் பேச்சு, கூற்று. அநியாயம், அசுத்தம் ஆகியவற்றில் வரும் வடமொழி ‘அ’வுக்கும் இந்த ‘அ’வுக்கும் மூலம் ஒன்றுதான். பழைய கிரேக்கத்தில் பயத்தாலோ வியப்பாலோ வாயடைத்துப் போவதை ‘அஃபாசியா’ என்றார்கள். ஐயவாதத் தத்துவக்காரர்கள், எதையும் ‘இது இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்லாமல் இருக்கும் நிலைக்கு இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கு எல்லாவற்றுக்கும் கருத்து வைத்திருக்கிறவர்களுக்கு இந்த இரண்டாவது வகை கொஞ்சம் வந்தால் தேவலை.

நோய்ப்பெயராக அது மாறிய கதை பாரிஸில் நடந்தது. பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒரு நோயாளி 21 வருடம் இருந்தார். என்ன கேட்டாலும் ‘தான் தான்’ என்ற ஒரே ஒலிதான் பதில். அங்கே அவருக்குப் பெயரே ‘தான்’ ஆகிவிட்டது. கோபம் வந்தால் மட்டும் ஒரு வசவு முழுசாக வெளியே வரும். 1861 ஏப்ரலில் தன் 51ஆவது வயதில் அவர் இறந்தபோது, அறுவை மருத்துவர் போல் புரோக்கா அவருடைய மூளையைத் திறந்து பார்த்தார். இடப்பக்க முன்மூளையில் சேதம் இருந்தது. மறுநாளே பாரிஸ் மானுடவியல் கழகத்தின் முன் அதை வைத்தார். இந்த நிலைக்குப் புரோக்கா இட்ட பெயர் ‘அஃபேமி’. அதுவும் கிரேக்கம்தான், ‘பேச்சில்லாமை’ என்றுதான் நினைத்து வைத்தார். 1864இல் அர்மான் த்ரூசோ என்ற இன்னொரு மருத்துவர், கிரேக்கம் அறிந்த ஒருவரைக் கலந்துகொண்டு வந்து, அந்தச் சொல்லுக்கு ‘அவப்பெயர்’ என்றல்லவா பொருள் என்று ஆட்சேபம் கிளப்பினார். பதிலுக்கு அவர் முன்வைத்ததுதான் ‘அஃபாசி’, அஃபேசியாவின் பிரெஞ்சு வடிவம். புரோக்கா தன் சொல்லுக்காக வாதாடியும் பார்த்தார், எடுபடவில்லை. மூளையில் அந்த இடத்துக்குப் புரோக்காவின் பெயர் நிலைத்தது. நோய்க்கு த்ரூசோவின் சொல் நிலைத்தது.

பத்து வருடம் கழித்து, 1874இல், கார்ல் வெர்னிக்கி என்ற 26 வயது ஜெர்மன் மருத்துவர் இன்னொரு வகையைக் காட்டினார். இந்த வகையினர் சரளமாகப் பேசுவார்கள். ஏற்ற இறக்கம் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் சொற்கள் தாறுமாறாக, சில சமயம் எந்த மொழியிலும் இல்லாதவையாக வரும். பிறர் சொல்வதும் சரியாக ஏறாது. இப்படிப்பட்டவரைப் பார்த்து ‘புத்தி பேதலித்துவிட்டது’ என்று வீட்டார் முடிவுகட்டுவதும், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவதும் உண்டு. த்ரூசோவின் சொல் இவருக்குச் சரியாகப் பொருந்தவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பேச்சு இல்லாமல் போகவில்லை, கொட்டுகிறது.

தமிழில் நாம் என்ன சொல்வது என்ற கேள்வி இங்கேதான் சூடுபிடிக்கிறது. புழக்கத்தில் ‘பேச்சிழப்பு’, ‘பேச்சுக் கோளாறு’, ‘மொழியிழப்பு’ மூன்றையும் பார்க்கிறோம். ‘பேச்சுக் கோளாறு’ திக்குவாய் முதல் எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர், அதை இதற்குத் தனியாக ஒதுக்க முடியாது. ‘பேச்சிழப்பு’ கேட்க நன்றாக இருக்கிறது, கிரேக்கச் சொல்லுக்கு நேர்ப்பெயர்ப்பும்கூட. ஆனால் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்தவருக்கும் பேச்சு போகிறது. அவர் எழுதிக்காட்டுவார், பத்திரிகை படிப்பார், செல்போனில் தட்டி அனுப்புவார். இரண்டு பேருக்கும் ஒரே பெயர் வைத்தால், நோட்டும் பேனாவும் கொடுத்து ஏமாறும் வீட்டாரை நாமே உருவாக்குகிறோம்.

என் ஓட்டு ‘மொழியிழப்பு’க்கு. தமிழ் இலக்கணத்தில் ஒருமொழி, தொடர்மொழி, பொதுமொழி என்று பள்ளியில் படித்தோமே, அங்கே மொழி என்றால் சொல். ‘மொழிந்தான்’ என்றால் சொன்னான். ஆக ‘மொழியிழப்பு’ என்ற ஒரே சொல்லில் மொழி, சொல், சொல்லுதல் மூன்றும் அகப்படுகின்றன. கிரேக்கச் சொல்லால் இதைச் செய்ய முடியவில்லை.

‘இழப்பு’ ரொம்பக் கடுமையாக இல்லையா, திரும்பவே வராது என்பது போல ஒலிக்கவில்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ‘சுயநினைவு இழந்தார்’ என்று சொல்கிறோம், அவருக்கு அரை மணியில் நினைவு திரும்புகிறது. இழப்புக்குத் தமிழில் மீட்பும் கூடவே உண்டு.

பக்கத்து வீட்டுச் சொற்கள் சிலவற்றையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ‘டிசார்த்ரியா’ என்பது நாக்கு, உதடு, அண்ணம் ஆகியவற்றின் தசைகள் தளர்ந்தோ விறைத்தோ போவதால் உச்சரிப்பு கெடுவது. இதற்கு நாம் புதுச்சொல் தேடி அலையவே வேண்டாம், ‘வாய் குழறுது’ என்று ஊரே சொல்கிறது. பேச்சுக் குழறல் என்றால் போதும். இவரிடம் நோட்டைக் கொடுங்கள், எழுதிவிடுவார். ‘ஏப்ராக்சியா’வில் தசை சரி, சொல்லும் தெரியும், வாயை எந்த வரிசையில் அசைப்பது என்ற திட்டம் மட்டும் குழம்பும். ‘கத்தரிக்காய்’ ஒரு தடவை ‘தக்கரிக்காய்’ ஆகும், அடுத்த தடவை வேறு ஏதோ ஆகும். இதற்கு மனசுக்குப் பிடித்த தமிழ்ச்சொல் எனக்கு இன்னும் அகப்படவில்லை, இருக்கிற பெயரையே வைத்துக்கொள்கிறேன். அப்புறம் ‘டிஸ்ஃபேசியா’, அஃபேசியாவுக்கே இன்னொரு பெயர். இதை ‘டிஸ்ஃபேஜியா’வோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பின்னது விழுங்கும் சிரமம், ஒரே எழுத்துதான் வித்தியாசம். சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போகக்கூடிய நோயாளிக்கு அந்த ஓர் எழுத்து விளையாட்டுக் காரியம் இல்லை. விழுங்கும் பயிற்சி தருவதும் அதே ஸ்பீச் தெரபிஸ்ட்தான் என்பது பலருக்குத் தெரியாது.

மொழியிழப்புக்கான சிகிச்சை எப்படி இருக்கும்? நாக்கை நீட்டு, மடக்கு, ஊது என்ற பயிற்சியைத்தான் பலரும் எதிர்பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் குழறலுக்கானது. இங்கே மேசைமேல் ஒரு சீப்பின் படம் இருக்கும். “இது என்ன?” என்றால், “அது… தலை… தலைக்கு…” என்று நின்றுவிடுவார். தெரபிஸ்ட் உடனே விடையைச் சொல்லிவிட மாட்டார். எதற்கு ஆகும், வீட்டில் எங்கே வைப்பீர்கள், பக்கத்தில் என்ன இருக்கும் என்று சொல்லைச் சுற்றிச் சுற்றிக் கேட்பார். “கண்ணாடி… பவுடர்…” என்று அக்கம்பக்கம் வந்துவிடும். கடைசியில் “சீ…” என்று முதல் எழுத்தை எடுத்துக்கொடுத்தால், “சீப்பு!” என்று விழும். சொல் அழிந்துபோகவில்லை, அதற்குப் போகும் வழிதான் அடைபட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தெரியாமல் விழிப்பவர், “ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன்” என்று வரிசையாக வந்து, “ஆ, புதன்!” என்று நிறுத்துவார். மனப்பாடமாகப் போனவை தப்பிப் பிழைக்கின்றன: எண் வரிசை, தேவாரம், பழைய பாட்டு, வசவு. லெபோர்னின் கோபத்துக்கும் இதுதான் கணக்கு. பேச முடியாதவர் பாடுவதைக் கவனித்து, பாஸ்டன் நகரத்தில் 1973 வாக்கில் ஒரு முறையை உருவாக்கினார்கள். ‘தண்ணி வேணும்’ போன்ற அன்றாடத் தொடரை ஏற்ற இறக்கத்தோடு ராகமாக இழுத்து, ஒவ்வோர் அசைக்கும் இடது கையால் தட்டிச் சொல்லவைப்பது. பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுவார்கள். எல்லோருக்கும் பலிக்காது. புரிதல் நன்றாக இருந்து, பேச்சு மட்டும் திணறுகிறவர்களுக்கே அதிகம் உதவுகிறது. 2011 ஜனவரியில் அரிசோனாவில் தலையில் சுடப்பட்ட அமெரிக்க மக்களவை உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸ், பேச்சு வராத நாட்களில் பாடியே சொற்களை மீட்டார்.

தமிழருக்குத் தரும் சிகிச்சை வீட்டுத் தமிழில் நடக்க வேண்டும். ‘நீர் அருந்துகிறான்’ என்று யாரும் வீட்டில் பேசுவதில்லை. படத்தைக் காட்டி ‘துடைப்பம்’ என்ற விடைக்காகக் காத்திருந்தால், நாகர்கோவில்காரர் ‘வாரியல்’ என்பார், யாழ்ப்பாணத்தவர் ‘தும்புத்தடி’ என்பார். தெரபிஸ்டுக்கு அது தெரியவில்லை என்றால் சரியான விடை தப்பாகிவிடும். இரண்டு மூன்று மொழி பேசுகிறவருக்கு எது முதலில் திரும்பும் என்பது பழைய விவாதம். சிறுவயதில் கற்றதுதான் என்றார் பிரெஞ்சு உளவியலாளர் ரிபோ. நோய் வருமுன் அதிகம் புழங்கியதுதான் என்றார் 1895இல் பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர். இரண்டுக்கும் உதாரணம் உண்டு, விதிவிலக்கும் உண்டு.

பைக் விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞர்கள் கதை வேறு. பெரும்பாலும் சொல் வரும், இலக்கணம் சரியாக இருக்கும். ஆனால் கேட்ட கேள்வியைப் பாதியில் மறப்பார்கள், சொன்னதையே சொல்வார்கள், நண்பனின் கிண்டலை நிஜமென்று எடுத்துக்கொள்வார்கள், எங்கே நிறுத்துவது என்று தெரியாது. இதை மொழியிழப்பு என்று சொன்னால் தப்பு. கவனம், நினைவு ஆகியவற்றின் குறை, பேச்சு வழியாக வெளியே தெரிகிறது. இதன் ஆங்கிலப் பெயர் ‘காக்னிடிவ் கம்யூனிகேஷன் டிஸார்டர்’. அதில் உள்ள ‘கம்யூனிகேஷனை’ இங்கே ‘தகவல் தொடர்பு’ என்று மொழிபெயர்த்துவிடுகிறார்கள், கேட்டால் செயற்கைக்கோள் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் சொல்லும் ‘தொடர்பாடல்’ இதற்கு எவ்வளவோ மேல். ‘உரையாடல்’ போலவே ஒலிக்கிறது, அதில் இரண்டு ஆள் இருக்கிறார்கள். தொடர்பாடல் குறைபாடு என்றே நாமும் எழுதலாம்.

சிகிச்சை தருகிறவரைத் தமிழில் ‘பேச்சுப் பயிற்சியாளர்’ என்று எழுதுகிறார்கள். மேடைப்பேச்சு, ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லித் தருகிறவர் என்றுதான் எனக்கு அது ஒலிக்கிறது. ‘பேச்சு-மொழி சிகிச்சையாளர்’ கொஞ்சம் நீளம், ஆனால் சரியானது. இந்தியாவில் இந்தப் படிப்பு முடித்தவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும், பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் பேச்சையும் மொழியையும் சேர்த்தே ஒரு வகையாக வைத்து, அதற்குக் காரணமாகக் குரல்வளை நீக்கத்தையும் அஃபேசியாவையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. குறை நிரந்தரமானது என்று உறுதியானால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். கைகால் குறைக்கு மட்டும் மனு எழுதும் வீட்டார் இதையும் சேர்த்துக் கேட்கலாம்.