மூட்டுகளை வீங்க வைக்கும் புரதத்துக்கு டிபியிடம் என்ன வேலை?

முடக்குவாதம் மாத்திரைக்கு அடங்கவில்லை, பயாலஜிக் ஊசிக்கு (நோயைத் தூண்டும் புரதத்தைக் குறிவைத்துத் தடுக்கும் மருந்து) போகலாம் என்று டாக்டர் சொன்னதும் சென்னையில் முதலில் வரும் கேள்வி, "ஒரு ஊசி எவ்வளவு சார்?" அடுத்தது, "சைடு எஃபெக்ட் உண்டா?" இவற்றோடு "எனக்கு டிபி பார்த்தாச்சா?" என்றும் கேளுங்கள்.

இந்த ஊசிகளில் பலவும் தடுப்பது டி.என்.எஃப். ஆல்ஃபா என்ற ஒரே புரதத்தை. 1975-ல் எலிகளின் புற்றுக்கட்டியை அழுக வைத்த பொருளாக இதை அடையாளம் கண்டார்கள். அதனால் 'கட்டி அழுகல் காரணி' என்று பெயர் விழுந்தது. இன்று அதன் முக்கிய வேலை வேறு என்று தெரிந்தாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. கிருமியைக் கண்டதும் மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணு இதைச் சுரக்கும். உடனே அந்த இடத்து ரத்தக்குழாயின் சுவர் இளகி, மற்ற வெள்ளையணுக்கள் வெளியே இறங்கும். காய்ச்சல் வரும். ஐ.எல்.-6 என்ற இன்னொரு புரதம் கூடும், அதைப் பார்த்துக் கல்லீரல் சி.ஆர்.பி. என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தைத் தயாரிக்கும். நீங்கள் லேபில் பார்க்கும் சி.ஆர்.பி. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி.

முடக்குவாதத்தில் கிருமி எதுவும் இல்லாமலே மூட்டுச் சவ்வில் இது ஓயாமல் சுரக்கிறது. சவ்வு தடிக்கிறது, எலும்பை அரிக்கும் செல்கள் கிளம்புகின்றன. காலையில் காபி டம்ளரைப் பிடிக்க முடியாமல் ஒரு மணி நேரம் விரல் விறைத்திருப்பது இதனால்தான். டி.என்.எஃப்.ஐத் தடுத்தால் பலருக்குச் சில வாரங்களிலேயே கை மடங்குகிறது. நல்ல மருந்து, அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆனால் இதே புரதத்துக்கு நுரையீரலில் ஒரு காவல் வேலையும் உண்டு. டிபி கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மேக்ரோபேஜ்கள் கிருமியைச் சுற்றி வளைத்து, நெருக்கமாக நின்று ஒரு சிறு முடிச்சாகி, அதை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கும். அந்த முடிச்சு குலையாமல் இருக்க டி.என்.எஃப். வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றால் சுவர் சரியும், உள்ளே தூங்கிய கிருமி எழும்.

2001-ல் வெளியான ஓர் ஆய்வு, டி.என்.எஃப்.ஐத் தடுக்கும் ஊசிகளில் ஒன்றான இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டபின் டிபி வந்த 70 பேரைத் தொகுத்தது. அவர்களில் 48 பேருக்கு மூன்று ஊசிக்குள்ளேயே வந்துவிட்டது. 40 பேருக்கு நுரையீரலுக்கு வெளியிலும் பரவியிருந்தது. இத்தனைக்கும் 64 பேர் டிபி அரிதான நாடுகளிலிருந்து பதிவானவர்கள். நம் ஊர்க் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். எட்டனர்செப்ட் என்ற இன்னொரு ஊசியில் இந்த அபாயம் குறைவு, ஆனாலும் பரிசோதனையைத் தவிர்க்க முடியாது.

பரிசோதனை என்றால் மார்பு எக்ஸ்ரே, கூடவே மாண்டூ என்ற தோல் பரிசோதனை அல்லது இக்ரா என்ற ரத்தப் பரிசோதனை. மாண்டூவில்தான் தவறு அதிகம் நடக்கிறது. முன்கையின் உட்புறத்தில் 0.1 மி.லி. மருந்தைத் தோலுக்குள் ஏற்ற வேண்டும். ஏற்றியதும் ஆரஞ்சுத் தோல் போலச் சிறு கொப்புளம் எழும்ப வேண்டும். எழும்பவில்லை என்றால் ஊசி ஆழமாகப் போய்விட்டது, திரும்பப் போட வேண்டும். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் படிக்க வேண்டும். அளப்பது தடிப்பை மட்டுமே, சிவப்பைக் கணக்கில் எடுக்கக் கூடாது. பால்பாயிண்ட் பேனாவை வெளியிலிருந்து மெல்ல உள்நோக்கி இழுத்தால் தடிப்பின் விளிம்பில் முனை தட்டி நிற்கும். எதிர்ப்பக்கமும் அப்படியே செய்து, கையின் குறுக்குவாட்டில் இரண்டு கோட்டுக்கும் இடையே அளக்க வேண்டும். இந்த நோயாளிகளுக்கு 5 மி.மீ. இருந்தாலே பாசிட்டிவ். வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பி "இது எவ்வளவு?" என்று கேட்பதில் பயனில்லை, போட்டோவில் சிவப்புதான் தெரியும்.

இன்னொரு சிக்கல், ஸ்டீராய்டு. ப்ரெட்னிசலோன் ஓடிக்கொண்டிருந்தால் மாண்டூ பொய்யாக நெகட்டிவ் காட்டலாம், இக்ராவும் தெளிவில்லாமல் வரலாம். ஸ்டீராய்டு டோஸைக் கூட்டுவதற்கு முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். பி.சி.ஜி. தடுப்பூசியால் மாண்டூ பொய்யாக பாசிட்டிவ் ஆகலாம், இக்ராவை அது பாதிக்காது. நோய் வந்துவிட்டதா, தூங்குகிறதா என்பதை இரண்டுமே சொல்லாது. அதற்கு எக்ஸ்ரேயும் டாக்டரின் கையும் வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி. சோதனைகளையும் அதே ரத்தத்திலேயே முடித்துவிடலாம்.

தூங்கும் டிபி என்றால் தினமும் ஐசோனியாசிட் 6 மாதம், அல்லது ரிஃபாபென்டினோடு சேர்த்து வாரம் ஒன்றாக 12 டோஸ். குறைந்தது ஒரு மாதம் சாப்பிட்ட பிறகே ஊசியைத் தொடங்குவது வழக்கம். முடக்குவாத மாத்திரையான மெத்தோட்ரெக்ஸேட்டும் எடுப்பவர்களுக்குக் கல்லீரலில் இரட்டைச் சுமை. கல்லீரல் ரத்தப் பரிசோதனையான எல்.எஃப்.டி.யைத் தள்ளிப்போடாதீர்கள், மது கூடவே கூடாது.

ஊசி தொடங்கிய பிறகு இருமலுக்காகக் காத்திருக்க வேண்டாம். சாயங்காலக் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டுதல், காரணமில்லாமல் எடை இறங்குதல், வயிறு உப்புதல் எதுவானாலும் அடுத்த டோஸை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டருக்கு போன் செய்யுங்கள். பாராசிட்டமால் போட்டுக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஊசிக்கு வருவது ஆபத்து.

இதே வகை ஊசியான அடாலிமுமாப்பை வீட்டில் வைப்பவர்களுக்கு: 2 முதல் 8 டிகிரி, ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில். ஐஸ் பேக் மருந்தை நேராகத் தொட்டு உறைந்துவிட்டால், உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் அந்த ஊசி வீண்தான். கரன்ட் நெடுநேரம் போயிருந்தால் கம்பெனி உதவி எண்ணில் கேட்ட பிறகே போடுங்கள்.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒன்று. கடைசி மாதங்களில் இன்ஃப்ளிக்ஸிமாப், அடாலிமுமாப் போன்றவை போட்டிருந்தால் மருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். பி.சி.ஜி. உயிருள்ள கிருமித் தடுப்பூசி, இங்கே பிறந்ததுமே போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்ட குழந்தை உடல் முழுவதும் பி.சி.ஜி. பரவி இறந்தது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அதனால் பிரசவத்துக்குச் சேரும்போதே கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரையும் கடைசி ஊசித் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். பி.சி.ஜி.யை எத்தனை மாதம் தள்ளிப்போடுவது, சொட்டு மருந்தை என்ன செய்வது என்று குழந்தை டாக்டர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.