சுழி இருக்கட்டும், காலைப் பாருங்கள்

போன ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைக்கு நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். பிற்காலத்தில் குட்டி எடுப்பதற்காக ஒரு மார்வாரிப் பெட்டைக்குட்டி வாங்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. எட்டு மாதக் குட்டி ஒன்று பிடித்துப்போனது. நெற்றிச் சுழியைப் பார்த்தார், கழுத்துச் சுழியைப் பார்த்தார், காது நுனிகள் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று பார்த்தார். எல்லாம் திருப்தி. விலை பேசுகிற கட்டம் வந்த பிறகுதான் குட்டியை நடக்கவிட்டார்கள். வலது முன்னங்கால் லேசாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. "வேண்டாங்க, விட்டுடலாம்" என்றார் நண்பர். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

சுழி என்பது மயிர் முளைக்கும் திசை மாறுகிற இடம். ஒரு குதிரையை இன்னொன்றிலிருந்து அடையாளம் காண அது நன்றாகவே உதவும். குதிரைகளுக்கான அடையாள ஆவணங்களில் இன்றும் சுழிகளைக் குறிக்கிறார்கள். ஆனால் எலும்பு எவ்வளவு சுமை தாங்கும் என்பதற்கு அதில் பதில் இல்லை. அதற்குக் காலைத்தான் பார்க்க வேண்டும்.

குதிரை நடப்பது விரல் நுனியில். முன்னங்காலில் நாம் முழங்கால் என்று சொல்லும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டுக்குச் சமம். அதற்குக் கீழே ஒரு நீண்ட எலும்பு, அப்புறம் கணு மூட்டு, பிறகு சரிந்து இறங்கும் குட்டை எலும்புகள், கடைசியில் குளம்பு. நம் நடுவிரலும் அதன் நகமும்தான் இப்படி நீண்டு தடித்திருக்கின்றன. முழங்காலுக்குக் கீழே சதை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது. மேலே உள்ள தசைகளிலிருந்து இறங்கும் தசைநாண்கள்தான் ஒவ்வொரு அடியிலும் ரப்பர் போல இழுபட்டுத் திரும்புகின்றன. நிற்கும்போதே உடல் எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கிறது. நாலுகால் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் மட்டும் ஊன்றும் கணத்தில், அந்த ஒரே காலில் உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு இறங்குகிறது. 400 கிலோ குதிரை என்றால் ஒரு டன். இவ்வளவு சுமை நேராக இறங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கினால், ஆயிரம் அடி பதினாயிரம் அடி என்று வைக்க வைக்க அந்தப் பக்கம்தான் தேயும்.

அதனால்தான் குட்டியைச் சமதரையில் நிறுத்தி, கொத்தனார் சுவரைப் பார்ப்பது போலப் பார்க்க வேண்டும். முன்னால் நின்று, தோள் முனையிலிருந்து ஒரு தூக்குக்குண்டு தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நூல் முழங்காலையும் கணுவையும் குளம்பையும் நடுவாகப் பிரித்துப் போனால் நல்லது. பக்கவாட்டில் பார்க்கும்போது முழங்கால் பின்னுக்கு வளைந்திருந்தால் நான் மிகவும் யோசிப்பேன். அந்த மூட்டுக்குள் இருக்கும் சிறு எலும்புகளின் முன்விளிம்புகள் ஒன்றோடொன்று நசுங்கும். வேகமாக ஓடும் குதிரைகளில் அங்கேதான் சில்லு பெயரும். முன்னுக்குக் கொஞ்சம் வளைந்திருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை. குளம்புக்கு மேலே உள்ள சரிவு நிமிர்ந்து நின்றால் தரையின் அதிர்ச்சி நேராக எலும்புக்குப் போகும். நீண்டு மிகவும் சாய்ந்தால் தசைநாண் அளவுக்கு மீறி இழுபடும். கழுத்து, முதுகு, தோள்பட்டைச் சரிவு எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அவற்றில் உள்ள குறை பெரும்பாலும் குதிரையின் நடையையும் சவாரியையும் பாதிக்கும். காலில் உள்ள குறை குதிரையையே படுக்கவைத்துவிடும்.

நேர்கோடுதான் எப்போதும் சிறந்தது என்றும் இல்லை. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மக்கில்ரைத் என்ற கால்நடை அறுவை மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் பந்தயக் குதிரைகளின் கால்களை அளந்து, பிறகு எவை எவை அடிபட்டன என்று பார்த்தார்கள். முழங்கால்கள் உள்பக்கம் சற்றே நெருங்கியிருந்த குதிரைகளுக்கு முழங்கால் முறிவு குறைவாக இருந்தது. பழைய கண்களுக்குக் குறையாகத் தெரிந்தது ஓர் அளவு வரை காப்பாகவும் இருந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் வளர்ந்த குதிரைக்கு. குட்டியின் கதை வேறு. பிறந்த ஓரிரு மணி நேரத்தில் எழுந்து நின்று தாயோடு ஓட வேண்டிய பிராணி அது. எனவே கால்கள் மட்டும் முக்கால்வாசிக்கு மேல் வளர்ந்தே வெளியே வருகின்றன, மார்பு ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய மார்பில் முழங்கை உள்ளே அமுங்கும், கால் முழுவதுமே கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பும். மார்பு அகலமாக ஆக, கால் தானே நேராகும். ஒரு வயதில் குதிரை தன் முழு உயரத்தில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடும், எடையோ மூன்றில் இரண்டு பங்குதான் வந்திருக்கும். அந்த வயதில் பின்பக்கம் முன்பக்கத்தைவிட உயர்ந்து நிற்பதும் சகஜம். அதைப் பார்த்து அமைப்பு சரியில்லை என்று ஒதுக்குவது அவசரம்.

எலும்பு நீள்வது அதன் முனைக்கு அருகில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டில். இங்கே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. கால் லேசாக வளைந்திருந்தால் தட்டின் ஒரு பக்கத்தில் அழுத்தம் கூடும். மிதமான அழுத்தம் அந்தப் பக்கத்து வளர்ச்சியைத் தூண்டும். அந்தப் பக்கம் விரைந்து நீண்டு வளைவு நிமிரும். வளைவு அதிகமாக இருந்தாலோ அதே அழுத்தம் வளர்ச்சியை நசுக்கிவிடும், வளைவு இன்னும் மோசமாகும். சின்னக் கோணல் தானே ஆறுவதும், பெரிய கோணல் தானே முற்றுவதும் ஒரே காரணத்தால்தான். குட்டியைக் கொழுக்க வைக்கக் கூடாது என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதற்கும் இது ஒரு காரணம்: எடை கூடினால் அந்த எல்லைக்கோடு சீக்கிரம் வந்துவிடும்.

அப்புறம், எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் மூடுவதில்லை. கணுவுக்கு மேலே உள்ள தட்டின் வேகமான வளர்ச்சி முதல் மூன்று மாதங்களோடு முடிந்துபோகும். முழங்காலுக்கு மேலே உள்ள தட்டு மூட இரண்டு வயதுக்கு மேல் ஆகும். எனவே திரும்பல் இருக்கிறதா என்பதோடு, அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதும் முக்கியம். நண்பர் பார்த்த குட்டிக்குக் கணு நேராக இருந்தது. முழங்காலும் குளம்பும் ஒரே திசையைப் பார்த்தன. கால் தோளிலிருந்தே திரும்பியிருந்தது. மார்பு இன்னும் விரிய வேண்டிய எட்டு மாதக் குட்டி. கணுவிலிருந்து திரும்பியிருந்தால் நானும் விட்டுவிடலாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சியாட்டில் ஸ்லூ என்ற குட்டிக்கும் வலது முன்குளம்பு வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. 1975இல் அமெரிக்க ஏலத்தில் 17,500 டாலருக்குப் போனது. அதுவரை ஒரு பந்தயம்கூடத் தோற்காமல் 1977இல் அங்குள்ள மூன்று பெரும் பந்தயங்களையும் வென்றது, பிறகு பேர்பெற்ற வாரிசுகளையும் தந்தது. ஸ்னாஃபி டான்சர் என்ற குட்டியை 1983இல் 1.02 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். பெரிய வம்சம், பார்க்க லட்சணம். ஒரு பந்தயத்திலும் ஓடவில்லை. இனப்பெருக்கத்துக்கு விட்டபோது கருத்தரிக்கச் செய்யும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தது, மொத்தம் நாலே குட்டிகள்.

ஒரு குட்டியைப் பார்த்து அதன் உடலை ஓரளவு கணிக்கலாம். அது தன் குட்டிகளுக்கு எதைக் கொடுக்கும் என்பது வேறு கேள்வி. இம்ப்ரெசிவ் என்ற அமெரிக்கக் குவார்ட்டர் இனக் குதிரை இதற்கு வருத்தமான சாட்சி. 1969இல் பிறந்தது, முறுக்கேறிய தசைகளுக்காக உடலமைப்புப் போட்டியில் உலகப் பட்டம் வாங்கியது. ஆளாளுக்கு அதனிடம் பெட்டைகளைக் கொண்டுபோனார்கள், 2,000க்கும் மேல் குட்டிகள் பிறந்தன. பிறகுதான் தெரிந்தது, அந்த வம்சத்தில் தசைக்குள் சோடியம் நுழையும் வாசலில் ஒரு மரபணுப் பிழை ஓடுகிறது என்று. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது உடல் நடுங்கும், கால்கள் துவளும், சில குதிரைகள் செத்தும் போகும். தசை அப்படிப் புடைத்திருந்ததற்கும் அந்த ஓயாத துடிப்பு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். நடுவர்கள் எதற்குப் பரிசு கொடுத்தார்களோ, நோயும் அதனுடனேயே வந்திருக்கிறது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே போதும், எனவே குட்டிகளில் பாதிக்கு ஆபத்து. இன்று பிடரி மயிர் சிலவற்றை வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். 2007 முதல் பிறந்த குட்டிகளில் இந்தப் பிழையின் இரண்டு பிரதிகள் உள்ளவற்றை அந்த இனத்தின் சங்கம் பதிவு செய்வதில்லை.

இத்தனை சோதனைகள் வந்த பிறகும் நான் முதலில் கேட்பது தாயைத்தான். 1938இல் இங்கிலாந்தின் வால்டனும் ஹாமண்டும் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். ராட்சத ஷயர் இனத்தையும் குட்டையான ஷெட்லாண்டு மட்டக்குதிரையையும் இரு வழியிலும் கலந்தார்கள். மரபணுக்களின் கலவை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்டு தாய்க்குப் பிறந்ததைவிட மூன்று மடங்கு எடையோடு பிறந்தது. வளர்ந்த பிறகும் அந்த வித்தியாசம் முழுதாக மறையவில்லை. பெட்டையின் கருப்பை அத்தனை தூரம் பேசுகிறது.

அந்தியூரிலும் தாய் வந்திருக்கிறதா என்று கேட்டேன். தார்ப்பாய் நிழலில் கட்டியிருந்தார்கள். பதினாலு வயது, ஐந்தாவது குட்டியாம். அவிழ்த்து நடக்கவிடச் சொன்னோம். எங்களை நோக்கி ஒரு தடவை, எங்களைத் தாண்டி ஒரு தடவை. தாய்க்கும் வலது முன்னங்கால் இம்மியளவு வெளியேதான் விழுந்தது, ஆனால் நொண்டலோ மூட்டு வீக்கமோ இல்லை. காலைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். லாடம் உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தது. நண்பர் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, முன்பணத்தை எடுத்துக் கொடுத்தார்.